பாவாயியின் போனுக்கு வந்த ஓடிபி

அவசரக்காரர்களுக்கு இந்தக் கதை ஆகாது. பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கடைசி வரை கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

நாமக்கல் புறவழிச் சாலையோரம் லாரிக்காரர்களுக்கென்று ஒரு சிறிய மருத்துவமனை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கே இலவசம். செலவை அரசாங்கம் திருப்பித் தரும். ஆனால் சும்மா தராது. நோயாளி வந்துபோனதற்குச் சாட்சியாக அவர் கொடுத்த நம்பருக்கு ஓர் ஓடிபி போகும். அந்த ஆறு எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டால்தான் வருகை பதிவாகும், மாத்திரை கைக்கு வரும்.

டிரைவர் செங்கோடன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வடக்கே லாரி லைனுக்குப் போகிறவர், அடிக்கடி சிம் மாற்றுகிறவர் என்பதால் முதல் நாளே மனைவி பாவாயியின் நம்பரைக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட்டு, "டீசல் கார்டுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் புள்ள, படி" என்பார். அவளும் படித்துச் சொல்வாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஆலோசகர் ரெஜினா அவரை விடுவதில்லை. "நீங்களே வீட்டுல சொல்லிருங்கண்ணா. அக்காவுக்கும் டெஸ்ட் பார்க்கணும்" என்பாள். "சொன்னா அவ தாங்கமாட்டா மேடம். அப்பறம் நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவரைத் தாண்டி அந்த வீட்டுக்கு ரெஜினா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சென்ற மாதம் மேலிடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் ஓடிபியோடு, அது எந்த நோய்க்கான சேவை என்பதும் மெசேஜில் இருக்குமாம். அடப் பாவிகளா! அன்று செங்கோடன் வந்தபோது கம்ப்யூட்டரில் வருகையைப் பதிவு செய்யும் ஊழியன் தனபாலுக்குக் கை ஓடவில்லை. அனுப்பினால் ஒரு குடும்பம் போச்சு; அனுப்பாவிட்டால் மாத்திரை இல்லை. யாரையும் கேட்காமல் செங்கோடன் பெயருக்கு நேரே தன் நம்பரைப் போட்டான். ஓடிபி அவன் போனுக்கே வந்தது. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

நம்பரை மாற்றினால் பழைய நம்பருக்கும் ஒரு தகவல் போகும் என்பது, பாவம், அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பாவாயியே ரெஜினா முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க மேடம், நம்பர் மாத்தியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. எங்கூட்டுக்காரரு மாத்தரய நிறுத்திப்போட்டாருங்களா?"

ரெஜினா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மறைக்காதீங்க. அவரு படிக்கச் சொன்ன நம்பரு வர்ற மெசேஜ்லயே ஆஸ்பத்திரி பேரு இருக்குதுங்களே, விசாரிக்க மாட்டனா? ஒன்றரை வருசமா எனக்குத் தெரியும். கேட்டா மனுசன் கூசிப்போயி இங்க வாரதயே உட்ருவாருன்னுதான் நம்பர மட்டும் படிச்சேன்."

"நீங்க டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?"

"எடுத்தா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுபோகுமில்லீங்களா?"

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

நம்பரை மாற்றி மாத்திரை கிடைக்கச் செய்தவன் தனபால். சொல்லச் சொல்லி மன்றாடினாலும் தானாக வாயைத் திறக்காதவள் ரெஜினா. எல்லாம் தெரிந்தும் தெரியாதவளாக இருந்தவள் பாவாயி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: தனபாலுக்கு இளகிய மனசுதான். ஆனால் அவன் போட்டது பொய்ப் பதிவு. நாளைக்குச் செங்கோடன் வராமல் நின்றுவிட்டால் தேடுவதற்கு இருந்த ஒரே நம்பரையும் அழித்துவிட்டான். பாவாயியை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. ஆனாலும் சரி என்று சொல்ல மாட்டேன். புருஷன் உயிருக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லி அவளை யார் கேட்டார்கள்? ரெஜினா செய்ததே சரி. அந்த வீட்டில் இரண்டு உயிர் இருக்கிறது என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் ஒருவர் ரகசியத்தை உடைக்காமல். அன்றைக்கும் பாவாயியிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுத்தாள். முடிவு என்ன என்கிறீர்களா? அதைப் பாவாயியிடம் சொல்லியாயிற்று. உங்களுக்கும் எனக்கும் அதில் என்ன வேலை?