செவலை முன்னால் போகும்

“எட்டு மாசமா நாய்க்குப் பின்னால நடக்கேன் அம்மா. நீங்க எனக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லித் தரல.”

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது அவர் கையில் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் இருந்தது. காலடியில் அந்த நாய், செவலை, ஒருக்களித்துப் படுத்திருந்தது.

கோமதியம்மை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“தண்ணி ஆறுது அண்ணாச்சி,” என்றார்.

அவ்வளவுதான் பதில்.

*

ஆவுடையப்பன் முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தவர். அந்தத் தாலுகாவில் அவர் சங்கிலி போட்டு அளக்காத வயல் இல்லை. காலால் சம்பாதித்து, காலால் பேர் வாங்கியவர்.

அறுபத்தொன்றாவது வயதில் ஒரு நாள் நடக்கும்போது செருப்பு கழன்றுபோனது. அவருக்குத் தெரியவில்லை. பத்து அடி தள்ளிக் குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது.

நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நடை நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் ஆடிப்போனார். சாவுக்கு அவர் பயப்படவில்லை. கிடப்பதற்குத்தான் பயந்தார்.

அந்தப் பயத்தோடுதான் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை. ஒரு சமாதி. சமாதியைச் சுற்றி மணல். தென்மேற்கு மூலையில் ஓர் எட்டி மரம். அதில் காக்கை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மடத்தில் இருந்தது கோமதியம்மை ஒருவர்தான். நாற்பது வயதுகூட இருக்காது. ஆவுடையப்பனின் மூத்த மகள் வயதுதான். இருந்தாலும் அவர் காலில் விழுந்தார்.

“கால் போன பெறகு எப்படி இருக்கணும்? அதச் சொல்லிக் குடுங்க.”

அம்மை கையை நீட்டி அறையின் மூலையைக் காட்டினார்.

அங்கே செவலை கிடந்தது. பதினான்கு வயதுக் கிழட்டு நாய். முன்னங்கால் இரண்டும் நன்றாக இருந்தன. பின்னங்கால் இரண்டும் வாலோடு சேர்ந்து செத்துக் கிடந்தன.

*

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு.

சாயங்காலம் சமாதி மணலைச் சுவடில்லாமல் பெருக்குவார்கள். பிறகு ஒரு சுற்று. அதில் நாய்தான் முன்னால் போகும், மனிதர் பின்னால் போக வேண்டும். மடத்தை உண்டாக்கிய சாமி ஒரு நாயின் பின்னால் நடந்துதான் இந்த இடத்துக்கு வந்தாராம். அதனால் நாய் சுற்றி வராமல் விளக்கு ஏற்றுவதில்லை.

விடிந்ததும் அம்மை வந்து மணலைப் பார்ப்பார். நாம் பேப்பர் படிப்பதுபோல.

செவலைக்குக் கால் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை. பழைய வேட்டியை நாலாக மடித்து, பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாய் முன்னங்காலால் நடக்கும். பிடித்தவர் பின்னாலேயே போக வேண்டும்.

முதல் நாள் ஆவுடையப்பன் கிணற்று வாளியைத் தூக்குவதுபோல் தூக்கினார். செவலையின் மூஞ்சி மணலில் குத்தியது.

“இழுக்காதீங்க அண்ணாச்சி,” என்றார் அம்மை. “இல்லாதத மட்டும் குடுங்க.”

“புரியலையே.”

“அதுக்கு எவ்வளவு பலம் இல்லையோ, அவ்வளவு.”

ஏக்கர் கணக்கு, சென்ட் கணக்கு எல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

ஒரு மழை மூட்டமான சாயங்காலம். அவருக்கு இடுப்பில் பிடிப்பு. செவலையும் அடிக்கு அடி நின்றது. அம்மை அடுக்களையில் இருந்தார். ஆவுடையப்பன் நாயை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, நாலே நிமிஷத்தில் சுற்றி வந்துவிட்டார்.

காலையில் அம்மை மணலைப் பார்த்தபடி கேட்டார்.

“நேத்து செவலை வரலையா?”

“வந்துச்சே.”

“மணல்ல இல்லையே அண்ணாச்சி.”

ஆவுடையப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. வாழ்நாள் முழுக்கத் தரையைப் பார்த்தே பிழைத்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகு ஏமாற்றவில்லை.

*

நாள் போகப் போகக் கை பழகிவிட்டது.

வழுக்கும் சிமென்ட் தரையில் சாக்கு விரித்துவைத்தார். குனிய முடியாத நாய்க்குச் சோற்றுச் சட்டியைச் செங்கல் மேல் தூக்கிவைத்தார். ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும் என்று மூன்று மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டார். மூத்திரத்தில் நனைந்த ரோமத்தை வேப்பிலைத் தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவைத்தார்.

செவலையும் அவரைப் புரிந்துகொண்டது. நனைந்துவிட்டால் ஒரே ஒரு முறை முனகும். அதற்கு மேல் தொந்தரவு செய்யாது.

பிடித்துப்போய்விட்டது. நாய்க்கு அவரை, அவருக்கு நாயை. வெளியே கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு ஒத்துவரவில்லை. எட்டி மரத்து மூலை.

தினமும் அந்த இடத்துக்கு வந்ததும் செவலை நின்றுவிடும். கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அவர் முகத்தை அல்ல. அவருக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், எதையோ பார்க்கும். குரைக்காது. உறுமாது. பிறகு அந்தச் செத்த வால் மணலில் ஒரு தரம் அசையும்.

அவர் திரும்பிப் பார்ப்பார். பெருக்கிய மணல் இருக்கும், அதில் அவர் நடந்து வந்த தடம் இருக்கும். வேறொன்றும் இருக்காது. ஆனாலும் முதுகு சில்லிட்டுப் போகும்.

ஒரு நாள் அம்மையிடம் கேட்டுவிட்டார்.

“அது யாரப் பாக்குது?”

“ஒங்களுக்குப் பின்னால நிக்கிறவங்கள.”

“அங்க யாரும் இல்லையே அம்மா.”

“அப்போ இன்னும் வரல,” என்றார் அம்மை.

இதைக் கேட்ட பிறகு ஆவுடையப்பன் எட்டி மரத்தருகே திரும்புவதை விட்டுவிட்டார்.

இதற்கிடையில் அவர் காலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மணலில் நாயின் முன்னங்கால் தடம் இரண்டு, அதன் பின்னால் அவர் தடம் இரண்டு. அவருடைய இடது தடத்துக்குப் பின்னால் இப்போது ஒரு கோடு விழ ஆரம்பித்திருந்தது. கால் இழுபடும் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் அம்மையிடம் போய், எட்டு மாதமாக ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லையே என்று கேட்டார்.

தண்ணீர் ஆறுகிறது என்று பதில் வந்தது.

அவர் உட்கார்ந்து செவலையைத் துடைத்தார். கோபத்தோடுதான் துடைத்தார். ஆனால் கை கோபப்படவில்லை.

*

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம், அவர் புரட்டிப் போடும்போதே செவலை போய்விட்டது. ஒரு முனகல்கூட இல்லை.

எட்டி மரத்தடியில் அவரே குழி வெட்டினார். அந்த நாலாக மடித்த வேட்டியை விரித்து, அதிலேயே நாயைச் சுற்றி உள்ளே வைத்து மூடினார். அறுபத்தொரு வயதில் ஒருவர் நாய்க்காக அழக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அழுதார். அம்மை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேற்றவில்லை.

சாயங்காலம் வந்தது.

“மணல் பெருக்கியாச்சா அண்ணாச்சி?”

“இனி எதுக்கு அம்மா? நாய்தான் இல்லையே.”

“வழக்கம் இருக்குல்லா. நீங்க முன்னால போங்க.”

“பின்னால யாரு வருவா?”

அம்மை திரி திரிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடையப்பன் மணலைப் பெருக்கினார். தனியாக நடக்கத் தொடங்கினார். கை இரண்டும் சும்மா தொங்கின. எட்டு மாதமாக எதையோ பிடித்தே பழகிய கைகள்.

கிழக்குப் பக்கம் தாண்டினார். தெற்குப் பக்கம் பாதி தாண்டும்போதே இடது கால் மரத்துவிட்டது. எட்டி மரத்து மூலையில், புதிதாக மூடிய மண்ணுக்குப் பக்கத்தில், வலது காலும் போய்விட்டது.

விழுந்தார். இரண்டு கையும் மணலில் ஊன்றி நின்றன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவருடையதாக இல்லை. கையால் நகர்ந்து பார்த்தார். கால் இரண்டும் பின்னால் இழுபட்டன.

எதற்குப் பயந்து வந்தாரோ அது இதுதான். இங்கேயே, இந்த மூலையிலேயே அது வந்துவிட்டது. அம்மையைக் கூப்பிட வாயெடுத்தார்.

அப்போது வேப்பிலை வாடை வந்தது.

வயிற்றுக்கடியில் ஏதோ வந்து பதிந்தது. அகலமாக, மெத்தென்று, கொஞ்சம் ஈரமாக. நாலாக மடித்த துணி.

அது அவரை வெடுக்கென்று தூக்கவில்லை. முன்னால் தள்ளவும் இல்லை. அவர் கை தாங்கிய மட்டும் விட்டுக்கொடுத்தது. தாங்காத இடத்தில் மட்டும் பிடித்தது. முழங்கால் மணலை விட்டு எழுந்தது. பாதம் ஊன்றியது. நின்றார்.

கெண்டைக்காலில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. நாக்கைத் தொங்கவிட்டு விடும் மூச்சு.

திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஒரு அடி வைத்தார். பின்னால் இருந்ததும் ஒரு அடி வைத்தது. மேற்குப் பக்கம் போயிற்று, வடக்குப் பக்கம் போயிற்று. அவசரமே இல்லாமல் இருவருமாகச் சுற்றை முடித்தார்கள்.

சமாதி வாசலில் அம்மை விளக்கோடு நின்றிருந்தார். இன்னும் ஏற்றவில்லை.

அவர் ஆவுடையப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றினார்.

“இழுக்காத செவலை,” என்றார். “இல்லாதத மட்டும் குடு.”