செங்கமலத்தின் லாகினும் நானூற்றுப் பன்னிரண்டு மாடுகளும்

பூவாணிக்குளம் பால் சங்கத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று எவரும் குறை கூறியதில்லை. குறை கூறுமளவுக்கு அறிவுடையோர் அங்கே பணிபுரியவில்லை என்பதே அதற்குக் காரணம்.

சங்கத்தில் கணினி ஒன்று. அதைப் பயன்படுத்துவோர் மூவர். செயலாளர் அருணாசலக்கனி, பால் பரிசோதகர் சொரிமுத்து, எழுத்தர் செங்கமலம். மூவருக்கும் தனித்தனி லாகின் உண்டு. மாலைதோறும் அவரவர் லாகினில் நுழைந்து, உள்ளிருப்பதை ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வைக்கவேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆடவர் இருவருக்கும் நகல் தங்குதடையின்றி ஏறியது. செங்கமலம் பொத்தானை அழுத்தினால் மட்டும், 'நகல் எடுக்க இயலவில்லை' என்று கணினி கைவிரித்தது.

ஒருநாள், புதுக் கணினி வரவிருப்பதால் அன்று மாலை நான்கு மணிக்குப் பழையதை ஏற்றிச்செல்ல வண்டி வருவதாகத் தகவல் வந்தது. செங்கமலம் செயலாளரிடம் ஓடினாள். ஊரிலுள்ள நானூற்றுப் பன்னிரண்டு மாடுகளின் பெயர், ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி ஆகிய அனைத்தையும் மூன்று ஆண்டுகளாகத் தொழுவம் தொழுவமாக அலைந்து, மாட்டுக்கு ஒரு கோப்பு வீதம் அவள் அதில் ஏற்றியிருந்தாள். அது போய்விட்டால் முதல் தொழுவத்திலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டும்.

செயலாளர் கணினி பழுதுபார்க்கும் இன்ஜினியரிடம் தொலைபேசியில் பேசினார்.

"மத்த ரெண்டு பேருக்கும் ஏறுதா? அப்ப மெஷின்ல கோளாறு இல்ல," என்றார் இன்ஜினியர். "ஏறுறதுக்கும் ஏறாததுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. ஒவ்வொரு வித்தியாசமா எடுங்க. ஒண்ணு எடுத்ததும் ஒருதரம் நகல் போட்டுப் பாருங்க. ஏறிரும்."

உடனே அவசரக் கூட்டம் கூடிற்று.

"அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் மீசை இருக்கு. இவளுக்கு இல்ல," என்றார் சொரிமுத்து.

செயலாளர் நெடுநேரம் யோசித்தார். "ரெண்டு வழி இருக்கு. நாம மழிக்கணும், இல்லைன்னா இவளுக்கு வரையணும்."

"எனக்கே வரைஞ்சிருங்க அண்ணாச்சி. ஒரு ஆளோட போயிரும்," என்றாள் செங்கமலம், மூவரிலும் சிக்கனக்காரி.

முத்திரை மையால் மீசை வரையப்பட்டது. பொத்தானை அழுத்தினாள். இயலவில்லை.

ஆடவர் இருவரும் உயரமானவர்கள் என்பது அடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. பால் கேனைக் கவிழ்த்து அதன்மேல் அவளை அமர்த்தினர். இயலவில்லை. இருவரும் மூக்குப்பொடி போடுபவர்கள். அவளுக்கும் ஒரு சிமிட்டா கொடுத்தனர். பதினொரு தும்மலுக்குப் பின் அழுத்தினாள். அப்போதும் இயலவில்லை.

பால் ஊற்ற வந்த பேச்சியக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாருக்கு எந்த ஊரு?" என்று செங்கமலத்திடம் மரியாதையாகக் கேட்டாள்.

"ஏ அக்கா, நாந்தான்! கேலி பண்ணுற நேரமா இது? மணி மூணரை ஆகுது!"

இனி வெளியே வித்தியாசமில்லை, உள்ளேதான் பார்க்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. செயலாளரின் லாகினைத் திறந்தனர். துடைத்து வைத்த பலகைபோல் வெறுமையாக இருந்தது. சொரிமுத்துவினுடையதும் அவ்வாறே.

"நல்லா சுத்தமா வச்சிருக்கீரு," என்று செயலாளர் மெச்சினார்.

"எல்லாம் உங்களப் பார்த்துப் படிச்சதுதான் அண்ணாச்சி."

பிறகு செங்கமலத்தினுடையதைத் திறந்தனர். திரை கொள்ளாமல் மாடுகள்.

"இதென்னம்மா, உள்ள இம்புட்டு அடைஞ்சு கிடக்கு?"

"மாடுங்க அண்ணாச்சி."

"எங்களுக்குள்ள ஒரு கன்னுக்குட்டிகூட இல்லையே!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். செங்கமலம் மீசை கலைய நெற்றியில் அறைந்துகொண்டாள். "அடப் பாவி மனுஷி! மூணு வருஷமா கண்ணு முன்னாடி இருந்திருக்கு, எனக்குத் தெரியலையே! எடுங்க அண்ணாச்சி, சீக்கிரம் எடுங்க!"

"அவசரப்படாதே. ஒவ்வொண்ணா எடுக்கணும்னு இன்ஜினியர் சொல்லியிருக்காரு."

செயலாளர் பெயரை வாசிக்க, செங்கமலம் அழிக்க, சொரிமுத்து பொத்தானை அழுத்தினார். வெள்ளச்சி போனாள், இயலவில்லை. மயிலை போயிற்று, இயலவில்லை. நான்கு மணிக்கு வந்த வண்டிக்காரர் ஆறரை மணிவரை காத்திருந்து, இடையில் இரண்டு தேநீரும் அருந்தினார். நானூற்றுப் பன்னிரண்டாவது மாடும் மறைந்தபோது, கண்மூடித் திறக்குமுன் திரை அறிவித்தது: 'நகல் வெற்றிகரமாக எடுக்கப்பட்டது.'

ஆரவாரத்தில் பால் கேன் உருண்டது. செங்கமலம் ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். பழைய கணினியை வண்டியில் ஏற்ற அவளே ஒரு கை கொடுத்தாள்.

அலமாரியில் வைப்பதற்காகச் சொரிமுத்து ஹார்டு டிஸ்க்கை ஒற்றைக் கையால் தூக்கியதைக் கண்டதும் அவள் பதறினாள்.

"மெதுவா, மெதுவா! உள்ள நானூத்திப் பன்னிரண்டு உசிரு இருக்கு!"

அதன் நியாயத்தை உணர்ந்த செயலாளர், அலமாரித் தட்டில் வைக்கோல் பரப்பும்படி உத்தரவிட்டார்.

"தண்ணியும் காட்டணுமா அண்ணாச்சி?" என்றார் சொரிமுத்து.

"இப்ப வேண்டாம்வே. முதல்ல எல்லாம் படுக்கட்டும்."