ராஜா வேஷம் ஏன் சிரித்துக்கொண்டே வருகிறது

அந்தக் காலத்தில் சிரிப்பு என்பது ஊருக்கெல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. மனிதரும் மிருகமும் பறவையும் ஒரே பாஷை பேசிய காலம். பேச்சு ஒன்றாக இருந்ததால் சிரிப்பும் ஒன்றாகவே இருந்தது. யானைக்குச் சிரிப்பு வந்தாலும் "ஹிஹி", எலிக்குச் சிரிப்பு வந்தாலும் "ஹிஹி". அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டும். ஒரு 'ஹி' கூடிப்போனால் போச்சு, "என்ன வளர்ப்போ!" என்று அக்கம்பக்கம் முகத்தைச் சுளிக்கும். புதருக்குப் பின்னால் யாராவது சிரித்தால் அது மாமனாரா மருமகனா என்று சத்தியமாகத் தெரியாது. அதனால் எத்தனை சம்பந்தம் முறிந்தது என்பது தனிக் கதை, அதை விடுங்கள்.

அப்போது ஒரு மலையடிவாரத்துக் காட்டில் கூத்து ஜமா ஒன்று இருந்தது. ஜமாவுக்கு வாத்தியார் ஓர் ஆமை. ராஜா வருவதற்கு முன்னால் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குகிற கோமாளிக்குக் கட்டியக்காரன் என்று பெயர். அந்த வேஷம் கட்டியது வாலாண்டி என்கிற அணில். திரை பிடிக்க இரண்டு கொக்குகள். ராஜா வேஷத்துக்குக் கொண்டையப்பன் என்கிற மரங்கொத்தி. அவனை விட்டால் அந்த வேஷத்துக்கு அந்தக் காட்டிலேயே ஆள் கிடையாது.

மரங்கொத்தி எத்தனை பெரிய ஆள், அவன் எப்படி ராஜா என்று கேட்பீர்கள். உடுப்புக்குள் வைக்கோலைத் திணித்தால் யாரும் ராஜாதான், ஐயா! இடுப்பைச் சுற்றி வைக்கோல், தோளில் கட்டைகள், தலையில் மரக் கிரீடம், காலில் சலங்கை, முகம் முழுக்கச் செஞ்சாந்து, மூக்குக்குக் கீழே ஒரு முழத்துக்குப் பனைநார் மீசை. ராஜாவின் குரல் கர்ஜனையாக இருக்க வேண்டும் என்று வாயில் ஒரு மூங்கில் குழாயை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். குழாய்க்குள் போய்விட்டால் குயில் குரலும் கழுதைக் குரலும் ஒன்றுதான். இவ்வளவும் மாட்டிக்கொண்டால் கொண்டையப்பனைப் பெற்ற தாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆமை வாத்தியாரிடம் ஒரு சட்டம் இருந்தது. கிரீடத்தைத் தலையில் கட்டியாகிவிட்டால் அப்புறம் ஆளுக்குப் பெயர் கிடையாது. மற்றவர்களும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அவனும் சொல்லக் கூடாது. கூத்து முடிகிறவரை கிரீடத்தை இறக்கவும் கூடாது. மீறினால் கூத்து கெட்டது, கூத்து கெட்டால் மழை இல்லை. ஆமாம், மழைக்காகத்தான் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கூத்தைப் போடுவார்கள். மழையைப் பிடித்து மலைக்குகையில் அடைத்துவைத்த மழைமறிச்சான் என்கிற அசுர ராஜாவின் கதை. கடைசியில் அவன் தோற்பான், மழை பெய்யும். அந்த வருஷம் குளம் வற்றிச் சேறாகி, தவளைகள்கூடக் குளிக்காமல் நாற்றமடித்துக்கொண்டு திரிந்தன. இந்தக் கூத்தும் கெட்டால் காட்டையே காலி செய்ய வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. திரை இறங்கியதும் ராஜா நேராகக் கூட்டத்துக்குள் வந்து, முன்வரிசையில் இருக்கிற குஞ்சு குளுவான்களின் தலையைத் தொடுவார். அசுரன் கை தலையில் பட்டால் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும் என்று நம்பிக்கை. அதனால் தாய்மார்கள் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளை முன்னால் உட்காரவைப்பார்கள். அந்த வருஷம் கொண்டையப்பனின் மூன்று குஞ்சுகளும் முதல்முதலாகக் கூட்டை விட்டு வந்திருந்தன. பறக்க இன்னும் பழகவில்லை. அவன் பெண்டாட்டி பூவரசி அவற்றை முன்வரிசையிலேயே, அதுவும் நட்ட நடுவில் உட்காரவைத்துவிட்டாள்.

காட்டுக் கூத்து பகலில்தான் நடக்கும். தீப்பந்தம் பிடிக்க அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. மதியம் சாய்ந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொண்டையப்பன் கிரீடத்தைக் கட்டி, மீசையை ஒட்டி, வைக்கோல் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, சலங்கை குலுங்கத் திரைக்குப் பின்னால் வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அங்கே ஏற்கெனவே ஒரு ராஜா நின்றுகொண்டிருந்தார்.

அதே கிரீடம், அதே மீசை, அதே குழாய். ஜமாவில் இரண்டு செட் உடுப்பு உண்டு. பழைய செட்டை வாலாண்டி காலையில் ஈச்சம்புதரின்மேல் வெயிலில் காயப்போட்டிருந்தான். அதைத்தான் யாரோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கொண்டையப்பன் மெல்லக் கீழே குனிந்து பார்த்தான். அந்த ராஜாவின் சலங்கைக்குள்ளிருந்து நாலு நகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. காட்டுப்பூனை!

கொண்டையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். திரை இறங்கினால் ராஜா நேராக முன்வரிசைக்குப் போவார். முன்வரிசையில் என் பிள்ளைகள் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. "பூனை!" என்று கத்திவிடலாம். கத்தினால் கூட்டம் தெறித்து ஓடும், பறக்கத் தெரியாத குஞ்சுகள் புல்லுக்குள் சிதறும், பூனைக்கு இன்னும் வசதி. கிரீடத்தைக் கழற்றி முகத்தைக் காட்டலாம். காட்டினால் மழை போச்சு. பேரையும் சொல்ல வழியில்லை. ஐயோ, எந்த நேரத்தில் இந்த வேஷத்தைக் கட்டினேனோ!

இதற்குள் வெளியே கூட்டம் ஆரவாரித்தது. திரைக்கு மேலே ஒரு கிரீடத்துக்குப் பதில் இரண்டு கிரீடம் தெரிந்தால் ஆரவாரிக்காதா?

"இந்த வருஷம் டபுள் ராஜாடோய்!" என்றது ஒரு முயல்.

வாலாண்டி திரும்பிப் பார்த்தான். திரையைக் கொஞ்சம் விலக்கித் தலையை உள்ளே விட்டான். இரண்டு ராஜாக்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

கொண்டையப்பன் குழாயிலேயே கிசுகிசுத்தான். "டேய், அது பூனைடா!"

"டேய், அது பூனைடா!" என்றது பூனையும், அதே குழாய்க் குரலில், அவனைக் காட்டி.

வாலாண்டியின் வால் இரண்டு பங்காகப் புடைத்துவிட்டது. இரண்டில் ஒன்று பூனை. எது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் அவன் தேர்ந்த கட்டியக்காரன், கூட்டத்துக்கு முன்னால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டிலேயே விசாரித்துவிடலாம் என்று வெளியே வந்து இடுப்பை ஆட்டினான்.

"மகாராஜா, மகாராஜா! தாங்கள் யார், எந்த ஊர், வந்த சங்கதி என்ன?"

"மழைமறிச்சான் மகாராஜா நானே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு குரல் வந்தது. வருஷா வருஷம் கேட்ட வசனம், காட்டில் யாருக்குத்தான் தெரியாது?

"மகாராஜா ரெண்டாகிப் போனாரே! அரண்மனைச் சாப்பாடு அவ்வளவு பலமோ?" என்றான் வாலாண்டி.

கூட்டம் "ஹிஹி" என்றது. திரைக்குப் பின்னால் ஒரு ராஜா "ஹிஹி" என்றார். இன்னொருவரும் "ஹிஹி" என்றார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆமை வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு இது வாலாண்டியின் சேட்டை என்று எண்ணம். "போதும்டா உன் கூத்து! வெயில் சாயுது. ஏய் கொக்குங்களா, திரையை இறக்குங்க!"

"வாத்தியாரே, உங்க ஓட்டுக்குப் புண்ணியமாப் போகும், இன்னும் ஒரே ஒரு கதை. சொல்லிட்டு இறக்கிடலாம்."

"சீக்கிரம் சொல்லித் தொலை."

கொக்குகளுக்குக் கழுத்து வலித்தது, திரை லேசாகத் தாழ்ந்தது. அந்த இடுக்கு வழியாகக் கொண்டையப்பன் தன் கடைக்குட்டியைப் பார்த்தான். அது கழுத்தை நீட்டி, தலையைக் குனிந்து, "எனக்குத்தான் முதல்ல" என்று தயாராக உட்கார்ந்திருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் பூனை நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டது.

வாலாண்டி தொண்டையைக் கனைத்தான். "கேளுங்க மகாராஜா. ஒரு ஊர்ல ஒரு தச்சன் இருந்தான். ஒருநாள் மத்தியானம் வேலை தேடிப் போனவன், ஆத்தங்கரையில ஒரு வட்டமான கட்டை கிடக்கிறதைப் பார்த்தான். ஆஹா, உள்ளே புழு இருக்கும்னு அதுமேல ஏறி உட்கார்ந்து டொக்கு டொக்குன்னு தட்டினான். தட்டினான், தட்டினான், பொழுது சாயறவரைக்கும் தட்டினான். கடைசியில அந்தக் கட்டைக்குள்ள இருந்து ஒரு தலை வெளியே வந்து சொல்லுச்சாம், 'கதவு திறந்துதாம்ப்பா இருக்கு, உள்ள வா!'"

கூட்டம் "ஹிஹி" என்றது. பூனையும் மரியாதைக்கு "ஹிஹி" என்றது. ஆமை வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. தலையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்தத் தச்சன் வேறு யாருமில்லை, கொண்டையப்பன்தான். அந்தக் கட்டை யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மரக்கிளையிலிருந்து அதைப் பார்த்தது வாலாண்டி ஒருவன்தான். வாத்தியார் மானம் போகக் கூடாது என்று இரண்டு பேரும் அதை இத்தனை நாள் வாயைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். இப்போது நட்டநடுச் சபையில், அதுவும் வாத்தியாரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பாவி உடைத்துவிட்டானே! அன்றைக்கு ஆமை அப்பாவியாகத் தலையை நீட்டி விழித்த விழிப்பு கொண்டையப்பன் கண்முன் வந்தது. பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். "ஹிஹி" என்று முடித்துவிடப் பார்த்தான். முடியவில்லை. வயிற்றில் கிளம்பியது நெஞ்சுக்கு ஏறியது, கழுத்து தானாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது, மரத்தைக் கொத்தும்போது ஆடுமே, அப்படி. சபையில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒரு கணம் அலகை இறுக்கிக்கொண்டான்.

பேரைச் சொல்லக் கூடாது என்று சட்டம். கிரீடத்தை இறக்கக் கூடாது என்று சட்டம். சிரிக்கக் கூடாது என்று யார் சொன்னார்? வளர்ப்பு கெட்டவன் என்று பேர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளை பிழைத்தால் போதும்! அவன் அலகைத் திறந்து அடைத்துவைத்ததை அப்படியே விட்டுவிட்டான்.

"கிக்! கிக்-கிக்! கிகிகிக்-கிகிகிக்-கிர்ர்ர்ர்ர்!"

காடே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை. குழாய் குரலை மறைத்தது, தாளத்தை மறைக்க முடியவில்லை. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் மூச்சுவிடாமல் ஒரு பொழிவு. முன்வரிசையில் பூவரசி துள்ளி எழுந்தாள். விடிந்தால் பொந்துக்கு வெளியே அவன் கொத்துகிற தாளத்தைக் கேட்டுத்தான் அவள் கண் விழிப்பாள். முட்டைக்குள் இருந்தபோதே அந்தக் குஞ்சுகளும் அதைத்தான் கேட்டன.

"பிள்ளைங்களா, இது உங்க அப்பா! இடது பக்கத்து ராஜா உங்க அப்பா!" என்று கத்தினாள் பூவரசி.

வாலாண்டிக்கு அது போதாதா! "ஆஹா! வலது பக்கத்து மகாராஜா, தாங்களும் அதே மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தருள வேண்டும்!" என்றான்.

பூனை விடவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "கிக், கிக், கி... கி..." என்று ஆரம்பித்தது. மூச்சு முட்டியது, குழாய் நழுவிக் கீழே விழுந்தது. பிறகு வந்தது பாருங்கள், "மியா...வ்!"

"திரையை இறக்குங்கடா!" என்றார் ஆமை வாத்தியார், தலையை முழுசாக வெளியே நீட்டி. "அவன் தலைமேலயே இறக்குங்க!"

கொக்குகள் ரொம்ப நேரமாக இதற்குத்தான் காத்திருந்தன. பூனையின்மேல் திரையைப் போட்டுச் சுருட்டி, ஆளுக்கொரு முனையைக் கவ்விப் பறந்துபோய்க் குளத்துச் சேற்றில் தொப்பென்று போட்டுவிட்டு வந்தன. சேற்றிலிருந்து எழுந்த பூனை திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அன்றிலிருந்து சேறு, தண்ணீர் என்றாலே அதற்கு வெறுப்பாகிவிட்டது.

ஆமை வாத்தியார் கொண்டையப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "பேரை யாரும் சொல்லலை. கிரீடமும் இறங்கலை. கூத்து கெடலை. ராஜா சபைக்கு வரலாம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தத் தச்சன் கதையை மட்டும் அப்புறம் தனியாப் பேசிக்கலாம்" என்றார்.

கொண்டையப்பன் மறுபடியும் ஒரு தரம் சிரித்துக்கொண்டே முன்வரிசைக்கு வந்தான். கடைக்குட்டியின் தலையில்தான் முதலில் கை வைத்தான். அது அண்ணாந்து அந்தப் பயங்கரமான மீசையைப் பார்த்து, "கிகிகிக்!" என்று அப்பனைப் போலவே சிரித்தது. பயம் தெளிந்துவிட்டது என்று இதைத்தான் சொல்வார்கள்.

கூத்து முடிவதற்குள் மேகம் திரண்டு, மழைமறிச்சான் தோற்று விழுந்த நேரத்துக்கு மழை கொட்டத் தொடங்கியது. நனைந்துகொண்டே எல்லாரும் ஆளுக்கொரு சிரிப்பைச் சிரித்துப் பார்த்தார்கள். அவரவர் பிழைப்பின் தாளம் அவரவர் சிரிப்பில் ஏறிக்கொண்டது. தவளைக்குத் தொண்டையில், அணிலுக்கு வாலில், யானைக்கு அடிவயிற்றில். ஆமை வாத்தியாரும் அன்றைக்குச் சிரித்தார் என்றுதான் சொல்கிறார்கள். அது ஓட்டுக்குள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, வெளியே வந்து சேரவில்லை.

அன்று முதல்தான் கூத்தில் எந்த ராஜா வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று தன் சொந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டாமல் வெளியே வருவதில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே வருவது யார் என்று கூட்டம் முகம் பார்க்காமல் சொல்லிவிடும். மரங்கொத்தியும் அப்படித்தான், வீடு திரும்பும்போது தூரத்திலேயே ஒரு சிரிப்பை உதிர்த்துவிட்டுத்தான் வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் குஞ்சுகள் பொந்துக்கு வெளியே தலையை நீட்டுகின்றன.