உஸ் மந்திரவாதி வீட்டில் சனிக்கிழமை ஆட்டம்

முன்னொரு காலத்திலே, ஏழு கடலுக்கும் அந்தாண்டை, தண்ணீருக்கும் தரைக்கும் எல்லைத் தகராறு தீராத ஒரு சதுப்பு நாடு இருந்தது. காலையில் தரையாக இருந்த இடம் சாயங்காலம் குளமாகிவிடும். அங்கே கிரியோல் மக்கள் ஆற்றங்கரை ஓரமாக மரக்கால்கள் நட்டு, அவற்றின்மேல் பலகை வீடு கட்டி வாழ்ந்தார்கள். சின்னவர்களே, பெரியவர்களே, இப்போதே கொட்டாவி விடுகிறவர்களே! இந்தக் கதையில் தூக்கத்துக்கு இடம் கிடையாது, எழுந்து உட்காருங்கள்.

வாரம் முழுக்க அவர்கள் கரும்பு வெட்டினார்கள், இறால் பிடித்தார்கள். சனிக்கிழமை வந்துவிட்டால் போதும், ஒருவர் காலும் ஓரிடத்தில் நிற்காது. அன்றைக்கு ஸைடெக்கோ ஆட்டம். வாரம் ஒரு வீட்டுக்கு முறை வரும். முறை வந்த வீட்டு வாசலில் சிவப்பு லாந்தர் தொங்கும். அதைக் கண்டதும் ஊரே திரண்டு வந்து அந்த வீட்டைக் காலி செய்துவிடும்.

"கட்டில் வெளியே! மேசை வெளியே! அலமாரி வெளியே! ஆட்டத்துக்கு இடம் வேணும்!"

சுவரும் தரையும்தான் மிஞ்சும். வெளியே ஒரு பெரிய அண்டாவில் வெண்டைக்காயும் இறாலும் கொதிக்கும். கம்போ என்ற அந்தக் குழம்பு வாசனைக்கு அக்கரையில் இருப்பவர்கள்கூடப் படகேறி வந்துவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு அக்கார்டியன் வாசிப்பவன் அல்சீத். துருத்தி மடிப்பு வைத்த அந்தப் பெட்டியை அவன் இழுத்து அமுக்கினால் கிழவர்களும் குதிப்பார்கள். அவனுக்குப் பக்கத்தில் தாளம் போடுகிறவள் ஒதேலியா. நெளி நெளியான தகரத்தைச் சட்டைபோல மார்பில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஸ்பூன் பிடித்து உரசுவாள். சரக் சரக் சரசரக்! இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சண்டையும் நிச்சயமாக உண்டு. ஏனென்றால் குஷி ஏறிவிட்டால் ஒதேலியாவின் கை தாளத்தை முந்திக்கொண்டு ஓடும்.

"மெதுவா, ஒதேலியா! தாளத்தை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க," என்பான் அல்சீத்.

"நான் சரியாத்தான் போறேன். உன் பெட்டிதான் நொண்டுது," என்பாள் அவள்.

அந்தக் கரையின் கடைசி வீட்டில் ஒரு மந்திரவாதி இருந்தான். அவனுடைய உண்மையான பெயரை யாரும் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் "உஸ்!" என்று அதட்டுவான், அதனால் உஸ் மந்திரவாதி. அவன் வீட்டைச் சுற்றியிருந்த பறவைகளின் குரலையெல்லாம் அவன் என்றோ பறித்துவிட்டான். பாவம், அவை வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு சத்தமும் வராது.

ஒரு சனிக்கிழமை, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது உஸ் மந்திரவாதி வாசலில் வந்து நின்றான்.

"உஸ்!" என்றான். யாருக்கும் கேட்கவில்லை.

"உஸ்!" என்றான். பிடில் வாசிக்கும் ஒஸேம் மாமா மட்டும் திரும்பிப் பார்த்து, பேயறைந்தது போல நின்றுவிட்டார்.

"உஸ்ஸ்ஸ்!" என்றான். லாந்தரே நடுங்கியது.

அல்சீத்துக்கு மட்டும் பயமே தெரியாது. "என்ன மாமா, தூக்கம் வரலையா? உள்ள வாங்க. ஒரு ஆட்டம் போட்டா தன்னால வரும்!" என்று சிரித்தான். கூட்டமும் சேர்ந்து சிரித்துவிட்டது. சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மந்திரவாதியின் முகம் கறுத்தது. "பெட்டி வாசிக்கிறவனாடா நீ? பெட்டியாவே இரு!" என்று விரலைச் சொடுக்கினான். பச்சைப் புகை கிளம்பியது. புகை அடங்கியபோது அல்சீத்தைக் காணோம். அவன் நின்ற இடத்தில் அக்கார்டியன் மட்டும் கிடந்தது. அது தானாக விரிந்து, தானாகச் சுருங்கி, மெல்ல மூச்சு விட்டது.

ஒதேலியா ஓடிப்போய்ப் பெட்டியை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. அழுதால் மந்திரவாதிக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"இவனை எனக்குத் திருப்பித் தரணும். என்ன செய்யணும், சொல்லுங்க."

மந்திரவாதி கெக்கலித்தான். "நூறு வருஷமா எந்தத் தாளத்துக்கும் என் கால் அசைஞ்சதில்ல. அடுத்த சனிக்கிழமை ராத்திரி விடியறதுக்குள்ள என் கால் தானாத் தாளம் போட்டா இவன் மனுஷன். இல்லேன்னா என்னைக்கும் பெட்டிதான்!"

"சரி. அடுத்த முறை உங்க வீட்டுக்கு. லாந்தரைக் கொண்டு வரலாமா?"

"வாங்க, தாராளமா வாங்க!" என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. சத்தமே கேட்கக் கூடாது என்று வீடு முழுக்க மெத்தையும் கம்பளமும் பஞ்சு மூட்டையுமாக அடைத்து வைத்திருந்தான். அங்கே பீரங்கி வெடித்தாலும் தும்மல்போலத்தான் கேட்கும்.

"அவன் வீட்டுப் பக்கம் நான் படகுகூட விட மாட்டேனே! அங்க போயி எப்படிம்மா பிடில் வாசிக்கிறது?" என்று ஒஸேம் மாமா நடுங்கினார்.

"கரையில இருக்கிற எல்லா வீட்டுக்கும் முறை உண்டு மாமா. அவர் வீட்டை மட்டும் நாமதான் தாண்டித் தாண்டிப் போயிட்டோம்," என்றாள் ஒதேலியா.

அந்த வாரம் முழுக்க அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதன் மூச்சு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. யார் வாசித்தாலும் அதிலிருந்து சுரம் எழவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அண்டாவோடு படகுகள் கிளம்பின. மந்திரவாதியின் வீட்டு மரக்கால்களுக்கு நடுவே ஒரு கிழட்டு முதலை வழியை மறித்துப் படுத்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அது கேட்டது: "எனக்கும் ஒரு கிண்ணம் உண்டா?"

"ஆடுறவங்களுக்குத்தான் கம்போ," என்றாள் ஒதேலியா.

"என் கால் குட்டையாச்சே!"

"வால் நீளமா இருக்கே!"

முதலை தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வயதில் அதற்கு இது தோன்றவே இல்லை. வெட்கத்தோடு வழிவிட்டது.

வாசலில் லாந்தர் ஏறியது. ஏறியதுதான் தாமதம், பயந்து பயந்து வந்த ஜனங்களுக்குப் பயம் மறந்துபோனது. லாந்தரைப் பார்த்தால் வீட்டைக் காலி செய்துதான் அவர்களுக்குப் பழக்கம். ஒஸேம் மாமாவே முதல் ஆளாக உள்ளே பாய்ந்தார்.

"மெத்தை வெளியே! கம்பளம் வெளியே! மூட்டை வெளியே! ஆட்டத்துக்கு இடம் வேணும்!"

"ஐயோ, அதைத் தொடாதீங்க! அது என் நூறு வருஷத்து மெத்தை!" என்று மந்திரவாதி குறுக்கும் நெடுக்கும் ஓடினான்.

"கொஞ்சம் நகருங்க மாமா, இந்தப் பக்கமாப் பிடிங்க," என்று ஒரு மூட்டையை அவன் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு மந்திரம் போட வாய் துடித்தது. ஆனால் வாங்க என்று அழைத்தவன் அவன். கொடுத்த வாக்கை மீறினால் மந்திரம் அவனையே திருப்பிக் கடித்துவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, காலி வீட்டின் நடுவே நாற்காலிகூட இல்லாமல் வெறுங்காலோடு நின்றான்.

ஆட்டம் ஆரம்பமானது! ஒஸேம் மாமா முதலில் ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். ஜோடி ஜோடியாகச் சுழன்றார்கள். காலிச் சுவர்களில் பட்டு இசை நாலு மடங்காகத் திரும்பியது. மந்திரவாதியின் கால் அசையவில்லை.

இரண்டாவதாகத் துள்ளல் பாட்டு. பலகைத் தரை ஊஞ்சல்போல ஆடியது. தரைக்கு அடியில் முதலை வாலால் மொத்தியது, தொம் தொம் தொம்! "எனக்கும் ஒரு கிண்ணம் உண்டா?" என்று நடுநடுவே கத்தியது. மந்திரவாதியின் கால் அசையவில்லை.

ஜன்னலில் இருட்டு வெளுக்கத் தொடங்கியது. ஒதேலியாவின் காலடியில் இருந்த பெட்டியின் மூச்சு நூலாக இழைந்தது. ஒதேலியா ஸ்பூனை இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்கு அவள் ஒரு தாளத்தைக்கூட முந்தவில்லை. அல்சீத் எப்போதும் கேட்டபடி, ஒழுங்காக, அளவாகப் போய்க்கொண்டிருந்தாள். இவனுக்காக இதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. அவள் மந்திரவாதியின் பாதத்தையே பார்த்தாள். அடேயப்பா, இதுதானா சங்கதி! தாளம் விழப்போகும் நொடிக்குச் சற்று முன்னால் அவன் கட்டைவிரல் மடங்கிப் பலகையைக் கவ்வியது. தாளம் விழுந்து முடிந்ததும் விரல் தளர்ந்தது. மறுபடி கவ்வியது, மறுபடி தளர்ந்தது. தாளம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத்தான் காலை அடக்கிக்கொண்டிருந்தான் திருடன்!

ஒதேலியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மன்னிச்சுக்கோ, அல்சீத்!" என்று கத்திவிட்டுக் கையை அதன் போக்கில் விட்டாள்.

சரக் சரக் சரசரக்! தாளம் முந்தியது. ஒஸேம் மாமா திடுக்கிட்டு அவளைத் துரத்தினார். முதலையின் வால் இரண்டு பேரையும் துரத்தியது. மந்திரவாதி விரலை மடக்கப் போனான், அதற்குள் தாளம் விழுந்துவிட்டது. கட்டைவிரல் எகிறியது.

டக்!

"உஸ்!" என்று தன் காலையே அதட்டினான். டக்! இன்னொரு காலும் கிளம்பியது. டக் டக்! அப்புறம் முட்டி போனது, இடுப்பு போனது, நூறு வருஷம் அடக்கி வைத்த ஆட்டமெல்லாம் ஒன்றாகக் கிளம்பி அவனைக் கூரைவரை தூக்கிப் போட்டது.

பச்சைப் புகை கிளம்பியது. பெட்டி ஒரு பெருமூச்சு இழுத்துப் பாட்டாக வெடித்தது. புகைக்கு நடுவே அல்சீத் நின்றான், மார்பில் அவனுடைய அக்கார்டியன், விரல்கள் பாட்டின் நடுவே ஓடிக்கொண்டிருந்தன. வெளியே பறவைகள் வழக்கம்போல வாயைத் திறந்தன, இந்த முறை குரலும் வந்தது. வந்த குரலைக் கேட்டு அவையே மிரண்டு, அப்புறம் ஓயாமல் கத்தித் தீர்த்தன.

அல்சீத் வாயைத் திறந்ததும் என்ன சொன்னான் தெரியுமா?

"மெதுவா, ஒதேலியா! தாளத்தை யாரும்..."

அவள் ஸ்பூனை வீசிவிட்டு அவனைப் பெட்டியோடு கட்டிக்கொண்டாள். வாரம் முழுக்க விழுங்கிய அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

பொழுது பளிச்சென்று விடிந்தது. முதலைக்கு ஒரு கிண்ணம் அல்ல, அண்டாவில் மிச்சமிருந்த அத்தனையும் கிடைத்தது. பனியில் நனைந்து கிடந்த மெத்தைகளைப் பார்த்து ஜனங்கள் கேட்டார்கள்: "சாமானை எல்லாம் உள்ள வச்சிடட்டுமா மாமா?"

மந்திரவாதி மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். "அது கிடக்கட்டும். அடுத்த சனிக்கிழமை யாரு வீட்டுல?"

அடுத்த சனிக்கிழமை எதற்கு? அன்றைக்கே கல்யாணம், அந்தக் காலி வீட்டிலேயே. மணமகளின் கை வழக்கம்போலத் தாளத்தை முந்தி ஓடியது. அல்சீத் "மெதுவா" என்று சொல்ல வாயைத் திறந்தான். நடுக்கூடத்தில் உஸ் மந்திரவாதி குதித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு, பெட்டியை வேகமாக இழுத்து, அவள் பின்னாலேயே ஓடினான்.

சரி, கதை கேட்டவர்களே, குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். அசைகிறதா? அப்படியானால் கதையும் முடிந்தது, உங்கள்மேல் மந்திரமும் இல்லை.