பைலட் இருக்கையின் அடியில்

"ஆறு வருஷம் ஆச்சுங்க மாஸ்டர். இந்த ஒரு விமானத்துலயாவது என் பேரை எழுத விடுங்க."

கேட்டவர் கஜேந்திரன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்தவர்.

மாஸ்டர் ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மேட்டுப்பாளையத்தில் அவருடைய பட்டறை. பழைய போர் விமானங்களின் மாதிரிகளை ஆள் நீளத்துக்குச் செய்கிறார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கை தேறியவர் என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டால், பைலட் இருக்கையின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தன் பெயரை எழுதலாம். கஜேந்திரன் இதுவரை எழுதியதில்லை. அது அவருக்குத் தீராத மனக்குறை.

இந்தமுறை வந்த வேலை பெரியது. முதல் உலகப் போரில் பறந்த, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த விமானம். குன்னூரில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஓட்டியது. போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் அவருக்குக் கல்யாணமே ஆனது. வியாழக்கிழமை குன்னூர் மண்டபத்தில் மாதிரியைத் திறந்து வைக்கிறார்கள்.

கஜேந்திரன் உயிரைக் கொடுத்து வேலை செய்திருந்தார். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி, பச்சை அடித்து, எஞ்சின் பக்கம் எண்ணெய்க் கறைகூட விட்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, இப்போதுதான் தரையிறங்கி நின்றது மாதிரி இருந்தது.

ரெஜினா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடப்பக்கம் நின்றார்.

"இது என்னங்கண்ணா?"

"குண்டு பட்ட ஓட்டைங்க மாஸ்டர். ஆணியைக் காய்ச்சி வெச்சேன். உள்ள போன குண்டு வெளிய வரணும்ல, அந்தப் பக்கமும் ஒண்ணு வெச்சிருக்கேன் பாருங்க."

"அவங்க குடுத்த பழைய போட்டோவுல இல்லையே."

"போருக்குப் போன வண்டிங்க. ஒரு அடிகூடப் படலைன்னா மொட்டையா இருக்குது."

ரெஜினா மூலையில் கிடந்த சைக்கிள் சக்கரத்திலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி எடுத்து வந்தார். இடப்பக்க ஓட்டையில் நுழைத்து மெல்லத் தள்ளினார். வலப்பக்க ஓட்டை வழியாக முனை வெளியே வந்தது.

"உள்ள பாருங்கண்ணா."

கஜேந்திரன் குனிந்து பார்த்தார்.

கம்பி பைலட்டின் இருக்கைக்கு மேலே குறுக்காகப் போயிருந்தது. பைலட் உட்கார்ந்தால் அவர் நெஞ்சு இருக்கும் உயரம்.

"வியாழக்கிழமை திரையை விலக்க யாருங்கண்ணா வர்றாங்க?"

"துரையோட பேத்திங்க. எண்பது வயசாம்..."

சொன்னவர் கம்பியையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரெஜினா கம்பியை அப்படியே விட்டுவிட்டார். பெயர் எழுதும் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எழுதிக்குங்கண்ணா."

கஜேந்திரன் அதை வாங்கவில்லை. யாருக்கோ வலிக்கும் என்பது போல, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார். இரண்டு ஓட்டைகளையும் இரண்டு உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு நின்றார்.

"பேரு கெடக்குதுங்க மாஸ்டர். ரெண்டு துண்டு துணி குடுங்க. அந்தம்மா வர்றதுக்குள்ள துரையைப் பொழைக்க வெக்கணும்."