மடத்து மிளகாய் நிறம் மாறிய கதை

கையில் ஒரு மிளகாயோடு அறவாழி வந்து குமரேச அடிகளின் முன்னால் நின்றார்.

மேடை மேடையாக முழங்கி, சிறை பார்த்து, கடைசியில் சொந்தக் கட்சியே சீந்தாமல் விட்ட மனிதர் அறவாழி. கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் மடத்துக்குள் நுழைந்தார். அடிகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தார். அடிகள் சீடரைவிட வயதில் இளையவர்.

“என்ன ரகம் என்று தெரிந்ததா?”

“இல்லை சாமி. சந்தை முழுக்கக் காட்டிவிட்டேன். ‘பெரியவரே, கத்தரிக்காய்க்கும் மிளகாய்க்கும் கல்யாணம் பண்ணி வச்சீங்களா?’ என்று சிரிக்கிறான்கள்.”

மடத்து மிளகாய் வெளிர் மஞ்சள், விரல் நீளம். பல தலைமுறையாக விதையெடுத்துக் காப்பாற்றி வந்த ரகம். குருபூசைக்கு அந்தக் காயில்தான் ஊறுகாய் போடுவார்கள். அந்த விதையிலிருந்து இந்த வருஷம் முளைத்ததோ குட்டையாய், தடித்து, ஊதாக் கறுப்பில் காய்த்துத் தொங்கியது.

விதைப்பானை மடத்தில் சமைக்கிற சிட்டம்மாளின் பொறுப்பு. போன வாரம் பந்தியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அறவாழி எழுந்து நின்றார்.

“நல்ல விதையை விற்றுக் காசாக்கிவிட்டு, சந்தைக் குப்பையைப் பானையில் கொட்டி வைத்த திருடி இவள்!”

பழைய குரல் தொண்டைக்குத் திரும்பிவிட்டதில் அவருக்குப் பூரிப்பு.

சிட்டம்மாள் குழம்பு வாளியைக் கீழே வைத்தாள். “மைக்செட்டை முழுங்கிட்டு வந்த மனுசா! நீ வளர்த்த செடிக்கு நான் பதில் சொல்லணுமா?”

சாவிக்கொத்தை அடிகளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊரிலிருந்த தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. எந்தக் கடை விதை என்று தெரிந்துவிட்டால் திருட்டை நிரூபித்துவிடலாம் என்றுதான் அறவாழி சந்தையில் அலைந்தார்.

அடிகள் எழுந்தார். “வாருங்கள்.”

மிளகாய்ப் பாத்தியின் ஓரத்தில் ஒரு தொட்டி இருந்தது. அழகுக்கு வளர்க்கிற ஊதா மிளகாய். பழைய தோழர் ஒருவர் கொடுத்ததென்று அறவாழி ஆசையாகக் கொண்டுவந்து வைத்தது.

“உட்காருங்கள்.”

உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. தேனீ ஒன்று வந்து தொட்டிச் செடியின் பூவில் புரண்டது. எழுந்து, பாத்தியில் போன வருஷத்திலிருந்து மிஞ்சியிருந்த மஞ்சள் மிளகாய்ச் செடியின் பூவில் போய் உட்கார்ந்தது.

அறவாழி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் இந்தத் தொட்டி எங்கே இருந்தது?”

“இங்கேதான் சாமி.”

“விதைக்கு விட்ட கிளைகளில் பூ விரியும் முன்னே தேனீ புகாதபடி துணி கட்டிவிட்டுத்தான் நான் ஊருக்குப் போனேன்.”

அறவாழிக்குக் காது மடல் சுட்டது. அந்தத் துணியைக் கண்ணேறு கழிக்கிற சடங்கு என்று நினைத்துவிட்டார். செடிக்குமா முக்காடு என்று சிரித்து, அடிகள் இல்லாத நேரத்தில் அத்தனையையும் அவிழ்த்தெறிந்தார். ஒரு மூடநம்பிக்கையை ஒழித்த திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினார்.

“அவிழ்த்தது நான்தான்” என்றார்.

அடிகள் தேனீயைப் பார்த்தபடி இருந்தார்.

“சாமி, பெரிய பாவம் செய்துவிட்டேன். அவள் வீட்டு வாசலில் உண்ணாவிரதம் உட்காரப் போகிறேன். மன்னித்தேன் என்று அவள் வாயால் சொல்லும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன். செத்தாலும் சரி.”

“முற்றுகைக்குக் கிளம்பிவிட்டீர்களா?”

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

“எனக்கு வேறு வழி தெரியாது சாமி.”

“பந்தியில் சொன்னீர்கள். இன்று பந்தியிலேயே மாற்றிச் சொல்லுங்கள். பிறகு அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லுங்கள். சொன்னதும் திரும்பி வந்துவிடுங்கள்.”

“சொன்னதுமா? பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமா? அவள் மன்னிக்காவிட்டால்?”

“மன்னிக்காவிட்டாலும் அந்த அம்மாள் திருடவில்லை” என்றார் அடிகள்.