துருப்பிடிக்காத மாப்பிள்ளை

ஆண்டவன் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு ஊசிப்பட்டி அண்ணன் தம்பி மூவரும் சந்தைக்குப் போய்விட்டார்களாம். அதனாலென்ன, ஒற்றுமைக்குக் குறைச்சலில்லை. மூத்தவன் சோலைமலைக்கு நாற்பது தாண்டியும் பெண் அமையவில்லை. போன இடமெல்லாம் "மாப்பிள்ளைக்கு வயசு தெரியுதே" என்று கைவிரித்தார்கள். பாவம், மனுஷன் நொந்துபோனான். வெள்ளிக்கிழமை இன்னொரு பெண் பார்க்கப் போகவேண்டும். இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான்.

தம்பிகள் ஒச்சப்பனும் பெருமாயனும் அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள்.

"வயசாகிறதுன்னா உடம்பு துருப்பிடிக்கிற மாதிரி," என்றார் அந்தம்மா. "நாம இழுக்கிற மூச்சிலிருந்தே அது வருது. வைட்டமின் ஈ நம்ம செல்லோட சுவர்ல காவல் நின்னு, விழுற அடியைத் தானே வாங்கிக்கும். அது சிதைஞ்ச மிச்சம்கூட, சிறுநீர்ல போறவரைக்கும் கொஞ்சம் காவல் காக்கும். வேர்க்கடலை சாப்பிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை கூடியது.

"மூச்சுலதான துரு வருது? நிறுத்திட்டாப் போச்சு," என்றான் ஒச்சப்பன்.

சோலைமலை மூக்கையும் வாயையும் பொத்திப் பார்த்தான். கண் பிதுங்கியது. "கஷ்டமா இருக்குடா."

"பழக்கமில்லேல்ல. போகப்போகச் சரியாயிரும்ணே."

அவன் மயங்கி விழுந்து எழுந்த பிறகு, வேர்க்கடலையே மேல் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு படி கடலையும் அதற்குத் தோதாக ஒரு குடம் தண்ணீரும் உள்ளே இறங்கின. சோலைமலை கொல்லைப்பக்கம் திரும்ப, பெருமாயன் வழியை மறித்தான்.

"எங்கண்ணே கிளம்பிட்ட?"

"ஒண்ணுக்குடா."

"காவலை வெளிய அனுப்பிட்டா பொண்ணு பார்க்கப் போறது?"

ஒச்சப்பன் தாடையைத் தடவி யோசித்தான். "அவன் சொல்றதும் நியாயந்தான். பொண்ணு வீட்ல சரின்னு சொல்றவரைக்கும் அடக்குண்ணே."

சோலைமலைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெண் வீட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து நெளிநெளியென்று நெளிந்தான். முகமெல்லாம் வியர்வை.

"மாப்பிள்ளைக்கு என்ன பண்ணுது?" என்றார் பெண்ணின் அப்பா.

"இளமையை அடக்கி வச்சிருக்காரு," என்றான் பெருமாயன்.

உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் கேட்டதுதான் தாமதம், சோலைமலை எழுந்து ஓடினான். கொல்லையில் கிடந்த துருப்பிடித்த கலப்பையின் மேல் எல்லாம் முடிந்தது.

"போச்சு, அத்தனை காவலும் போச்சு," என்று ஒச்சப்பன் தலையில் கைவைத்தான். கல்யாணமும் போச்சு என்று சோலைமலைக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா விவரத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கலப்பையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துருவைத் தடுக்கிற தண்ணியா? இதை முதல்லயே சொல்லக்கூடாதா? பொண்ணு உங்களுக்குத்தான். வீட்டோட மாப்பிள்ளையா இருந்துருங்க. கூரைத் தகரம் பூரா துரு. காப்பியைக் குடிங்க மாப்பிள்ளை, நான் ஏணியை எடுத்துட்டு வர்றேன்."